வெள்ளம், கலவரம், ஏர் ஹோஸ்டஸ்

எதிர்வீட்டு அக்கா ஒரு வாரமா சரியாத் தூங்கல. பையன் லீவு முடிஞ்சு துபாய்க்குக் கிளம்பணும். சென்னையில இருந்து ஃப்ளைட். குறிச்ச தேதியில வேலையில சேரலைன்னா என்ன ஆகும்னு அந்தப் பையனுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. நேத்து கேட்ல நிறுத்திக் கேட்டாங்க.

"தம்பி, நீதான் நெட்டெல்லாம் பாக்குறியே. அந்த ப்ளேன் பொண்ணுங்க மறுபடியும் சேந்து லீவு போட்டுடுவாங்களா?"

"அப்படி எதுவும் நான் படிக்கலக்கா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துகிட்டு போக மாட்டேங்குது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஒண்ணு. அக்காவோட பயம் வெட்டிப் பயம் இல்ல. 2024 மே 7 ராத்திரியில இருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல கேபின் க்ரூ கொத்தா 'உடம்பு சரியில்ல'ன்னு லீவு சொன்னாங்க. நூத்துக்கும் மேல பேர், 90க்கும் மேல ஃப்ளைட் பாதிப்புன்னு கம்பெனித் தலைமையே ஊழியர்களுக்குச் சொல்லிச்சு. அடுத்த நாள்கள்ல எண்ணிக்கை இன்னும் ஏறிச்சு. கண்ணூர், கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம்னு வளைகுடாவுக்குப் போற ஏர்போர்ட்டுகள்ல பெட்டியும் கையுமா ஜனம் தரையில உக்காந்திருந்த படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. மஸ்கட்ல ஆஸ்பத்திரியில கிடந்த புருஷனைப் பார்க்கக் கிளம்பின ஒரு கேரளப் பெண்ணால போக முடியல. சில நாள்ல அவர் இறந்துட்டார்னு செய்தி வந்துச்சு. அதைப் படிச்ச யாருக்கும் நெஞ்சு அடைக்கும். எனக்கும் அடைச்சுது.

அப்புறம் நம்ம ஆளுங்க ஆரம்பிச்சாங்க பாருங்க. "சிரிச்சுக்கிட்டு ஜூஸ் கொடுக்குற வேலைக்கு இவ்வளவு திமிரா?" "எல்லாரையும் தூக்கிட்டு வேற ஆள் போடு." டீக்கடையில ஆரம்பிச்சு கல்யாண வீடு வரைக்கும் இதே பாட்டு. என் சண்டை இந்த ஆளுங்களோடதான்.

ஐயா, ஜூஸ் கொடுக்கத்தான் அவங்க இருக்காங்கன்னா, அவங்க வரலைன்னா ஜூஸ் இல்லாம ப்ளேனைக் கிளப்பிட்டுப் போயிருக்கலாமே? ஏன் கிளப்பல? 50 சீட்டுக்கு ஒரு க்ரூ இல்லாம ஆளை ஏத்திக்கிட்டுப் பறக்க சட்டமே விடாது. எமர்ஜென்சின்னா பாதிக் கதவை மட்டும் வச்சு 90 செகண்டுக்குள்ள எல்லாரையும் வெளியேத்த முடியணும்ங்கிறது விமானத்துக்கே வச்சிருக்கிற பரீட்சை. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவுல ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு சின்ன விமானத்தோட மோதி எரிஞ்சுது. உள்ளே இருந்த 379 பேரும் உசுரோட வெளியே வந்தாங்க. எந்தக் கதவைத் திறக்கணும், எதைத் திறக்கக் கூடாதுன்னு நெருப்பை ஜன்னல் வழியாப் பார்த்து முடிவு பண்ணினது யாரு? நீங்க 'ஜூஸ் கொடுக்குறவங்க'ன்னு சொல்ற அதே ஆளுங்கதான்.

சரி, அப்ப 2024-ல அவங்க பண்ணினது சரியா?

இல்லை. நான் பூசி மெழுகப் போறதில்ல. முன்னாடி நாள் கூடச் சொல்லாம, பயணி பெட்டியோட ஏர்போர்ட்டுக்கு வந்த பிறகு 'உடம்பு சரியில்ல'ன்னா அந்த அடி முழுக்க பயணி மேலதான் விழுது. அது தப்பு. ஆனா ஏன் சொல்லிட்டுச் செய்யலைன்னு ஒரு கேள்வி இருக்கே, அதை யாராவது கேட்டீங்களா?

அப்ப இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்துல விமானப் போக்குவரத்து 'பொதுப் பயன்பாட்டுச் சேவை'யா இருந்துச்சு. ஸ்ட்ரைக் பண்ணணும்னா முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கணும், கொடுத்து 14 நாள் காத்திருக்கணும். நியாயம்தான். ஆனா நோட்டீஸ் கொடுத்தவுடனே சமரசப் பேச்சு தொடங்கியாகணும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிஞ்சு 7 நாள் வரைக்கும் ஸ்ட்ரைக் கூடாது. புரியுதா? நோட்டீஸ் இல்லாம பண்ணினா சட்டவிரோதம். நோட்டீஸ் கொடுத்தா சமரசம், சமரசம்னா ஸ்ட்ரைக் சட்டவிரோதம். முன்வாசல்ல பூட்டு போட்டுட்டு, "ஏன்டா ஜன்னல் வழியா குதிச்சே?"ன்னு கேட்டா எப்படி? 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புது தொழிலுறவுச் சட்டத் தொகுப்புல, பாதிப் பேரோ அதுக்கு மேலயோ ஒரே நாள்ல சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தா அதுவும் ஸ்ட்ரைக்தான்னு எழுதி அந்த ஜன்னலுக்கும் கம்பி போட்டாச்சு. வாசலை யாரும் திறக்கல.

சங்கம் சொன்ன புகாரும் ஒண்ணும் ரகசியமில்ல. 2022 ஜனவரியில டாடா கைக்கு வந்து, இன்னொரு கம்பெனியோட இணைப்பு நடந்துக்கிட்டிருந்த சமயம். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தலை, பெரிய பதவிக்கு இன்டர்வியூ முடிச்சவங்களுக்குக் கீழ் பதவி கொடுக்குறாங்க, சம்பளக் கட்டமைப்பை மாத்திட்டாங்க... இப்படி. மே 7-க்கு முன்னாடியே விஷயம் தொழிலாளர் ஆணையர் மேசைக்குப் போயாச்சு. ஒண்ணும் நகரல. லீவு போட்டதும் கம்பெனி 25 பேரை வேலையை விட்டு அனுப்பிச்சு. மே 9, டெல்லியில தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னாடி ரெண்டு பக்கமும் உக்காந்தாங்க. அன்னிக்கே முடிஞ்சுது. 25 பேரும் திரும்ப வேலைக்கு, லீவு போட்டவங்களும் வேலைக்கு, மத்ததைப் பேசிக்கலாம்.

ஒரே நாள் உக்காந்து பேசினதுல முடிஞ்ச விஷயம். அதை ஏப்ரல்ல உக்காந்து பேசியிருந்தா அந்த மஸ்கட் ஃப்ளைட் போயிருக்குமே!

ஏன் பேசல? இங்கதான் நான் சொல்ல வந்த மேட்டர். பேசாம இருந்தா கம்பெனிக்குப் பயணி பக்கத்துல இருந்து பெரிய நஷ்டம் எதுவும் இல்ல. அதான்.

டிஜிசிஏ விதியில, சரியான நேரத்துல சொல்லாம ஃப்ளைட்டை கேன்சல் பண்ணினா பயணிக்கு நஷ்ட ஈடு உண்டு. பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், இல்லைன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, எது குறைவோ அது. ஆனா கூடவே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு. கம்பெனி கையில இல்லாத காரணம்னா நஷ்ட ஈடு கிடையாது. இயற்கைப் பேரழிவு, உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிவிபத்து... அதே வரிசையில, வேலைநிறுத்தமும் தொழில் தகராறும்!

அட பாவிகளா. வெள்ளம் வானத்துல இருந்து வருது. தொழில் தகராறு எங்க இருந்து வருது? கம்பெனியோட ஹெச்ஆர் ரூம்ல இருந்துதானே வருது? தன் ஊழியரோட தான் போட்ட சண்டை, தன் கையில இல்லாத காரணமாம். டிக்கெட் காசைத் திருப்பித் தரேன், இல்ல தேதியை மாத்திக்கோன்னு சொல்லிட்டா கடமை முடிஞ்சுது. பாண்டியில இருந்து சென்னைக்கு டாக்சி பிடிச்ச காசு, அங்கே ரூம் எடுத்த காசு, போன வேலை... எல்லாம் பயணி தலையெழுத்து.

எங்க தெரு முனையில ஒரு சொல்தா மாமா இருக்கார். (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்களை இங்க 'சொல்தா'ம்போம்.) பொண்ணு குடும்பத்தோட பாரிஸ் பக்கம். பிரான்ஸ்ல க்ரேவ், அதாங்க ஸ்ட்ரைக், இல்லாத வருஷம் உண்டா? ஆனா மாமா நிம்மதியாத் தூங்குறார். கேட்டேன்.

"ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சுடும்பா. எழுதிக் கொடுக்காம அவன் பண்ண முடியாது. கேன்சல் பண்ணினா காசும் கொடுக்கணும். அவனுக்குத்தான் பயம், எனக்கு என்ன?"

மாமா சொன்னதைத் தேடிப் பார்த்தேன். சரிதான். 2012 மார்ச்ல வந்த தியார் சட்டப்படி, விமானம் பறக்கத் தேவையான ஊழியர் ஒவ்வொருத்தரும் 48 மணி நேரம் முன்னாடி 'நான் ஸ்ட்ரைக்ல சேர்றேன்'னு சொல்லணும். ஸ்ட்ரைக் உரிமை இருக்கு, பயணிக்குத் தகவலும் இருக்கு. ஐரோப்பிய யூனியனோட 2004-ஆம் வருஷத்து 261-ஆம் எண் விதியில, தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரைக்கும் நஷ்ட ஈடு.

இதை விட முக்கியம் இன்னொண்ணு. 2016 அக்டோபர்ல ஜெர்மனியோட டூயிஃப்ளை கம்பெனியில அப்படியே நம்ம 2024 கதை. நிர்வாகம் திடீர்னு கம்பெனியை மாத்தி அமைக்கப் போறேன்னு அறிவிக்க, ஊழியர்கள் கொத்துக்கொத்தா 'உடம்பு சரியில்ல'. கம்பெனி சொல்லிச்சு, இது எங்க கையில இல்லாத அசாதாரண சூழ்நிலை, காசு தர மாட்டோம்னு. 2018 ஏப்ரல்ல ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொல்லிச்சு தெரியுமா? கம்பெனியை மாத்தி அமைக்கிறது நிர்வாகத்தோட சாதாரண வேலை, அதனால வர்ற சச்சரவும் அந்த வேலையோட பகுதிதான், கம்பெனி கையில இல்லைன்னு சொல்ல முடியாது, கொடு காசை.

இப்ப எங்க தெருவைப் பாருங்க. ஒரு முனையில ஐரோப்பிய விமானத்துல பாரிஸ் போற மாமா. இன்னொரு முனையில இந்திய விமானத்துல துபாய் போற அக்கா மகன். ரெண்டு பேரும் ஒரே சென்னை ஏர்போர்ட்லதான் ஏறுறாங்க. க்ரூ வரலைன்னா ஒருத்தருக்கு 600 யூரோ கேட்க உரிமை. இன்னொருத்தருக்கு வெள்ளத்துல மாட்டினவன்ங்கிற பட்டம். ஒரு நாள் தவறினா யாருக்கு அதிகம் போகும்னு நீங்களே சொல்லுங்க.

"ஸ்ட்ரைக்கே இல்லைன்னா பிரச்சினை தீர்ந்துச்சு"ன்னு இன்னும் யாராவது சொல்லுவீங்க. 2025 டிசம்பரை மறந்துட்டீங்களா? விமானிகளுக்கு வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வு, ராத்திரி லேண்டிங் குறைப்புன்னு விதி வருதுன்னு ரொம்ப முன்னாடியே தெரியும். இண்டிகோ அதுக்கேத்த ஆளோட தயாராகல. டிசம்பர் 5 ஒரே நாள்ல ஆயிரத்துக்கும் மேல ஃப்ளைட் ரத்து. அன்னிக்கு யாரும் ஸ்ட்ரைக் பண்ணல, யாரும் கொடி பிடிக்கல. எங்க லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல இருந்து 2024 டிசம்பர் 20-ல பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விமானம் விட ஆரம்பிச்சதும் அதே கம்பெனிதான். ஆக, பயணியை நடுத்தெருவுல விட ஏர் ஹோஸ்டஸே தேவையில்ல. ஓய்வுங்கிறதை வீண் செலவா நினைக்கிற நிர்வாகமே போதும்.

கடைசியா ஒரு ஊர்க் கதை. 1936 ஜூலை 30. இதே பாண்டிச்சேரியில சவானா மில்லுல வேலைநேரத்தைக் குறைன்னு, கூலியைக் கூட்டுன்னு போராடின தொழிலாளிங்க மேல பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுச்சு. 12 பேர் செத்தாங்க. அடுத்த வருஷமே பிரெஞ்சிந்தியாவுல 8 மணி நேர வேலைக்குச் சட்டம் வந்துச்சு. ஆசியாவுலேயே முதல்னு நாம மார் தட்டிக்கிறோம். வருஷா வருஷம் மாலை போடுறோம். அந்த 12 பேரும் போராடினப்போ "மில்லு நின்னா துணிக்கு என்ன பண்றது?"ன்னு கேட்ட நல்லவங்களும் அன்னிக்கு இருந்திருப்பாங்க இல்ல? அவங்களுக்கு யாரும் மாலை போடல :-)

என் கோரிக்கை சின்னதுதான். அந்த விலக்குப் பட்டியல்ல இருந்து கம்பெனியோட சொந்தத் தொழில் தகராறை எடுங்க. ஊழியருக்கு நோட்டீஸ் கொடுத்து ஸ்ட்ரைக் பண்ண நிஜமான வழி கொடுங்க, 48 மணி நேரம் முன்னாடி பயணிக்குச் சொல்ல வைங்க. ஒவ்வொரு பயணிக்கும் பத்தாயிரம் எடுத்து வைக்கணும்னா, எந்த நிர்வாகமும் மே 9 வரைக்கும் காத்திருக்காது. ஏப்ரல்லயே நாற்காலி போட்டு உக்காரும்.

அக்காகிட்ட இவ்வளவும் சொல்ல முடியாது. "ஒரு நாள் முன்னாடி தேதிக்கு டிக்கெட் போடுங்கக்கா, டாக்சி பில், ரூம் பில் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, கேன்சல்னா எழுத்துல காரணம் கேட்டு வாங்கச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அக்கா தலையாட்டிட்டு, "அந்தப் பொண்ணுங்களுக்கும் ஆத்தா அப்பன் இருப்பாங்க இல்ல, ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்"னாங்க.

ஜூஸ் கோஷ்டிக்குப் புரியாதது அக்காவுக்குப் புரிஞ்சுது.

டிஸ்கி: நான் எந்தச் சங்கத்துலயும் இல்ல. திட்டணும்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம். ஆனா 'தொழில் தகராறும் வெள்ளமும் ஒண்ணுதான்'னு நினைச்சா, எப்படின்னு காரணத்தோட திட்டுங்க.