ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

கொட்டச்சேடு போன்ற சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து அரசுக் கல்லூரிக்கு வரும் மாணவி, வகுப்பில் உட்காரும் முன்பே தன் வீட்டு விவரம் அத்தனையையும் கல்லூரியில் பணிபுரியும் நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறாள். ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அப்பாவின் கைப்பேசி எண். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வந்து சேர ஆதாரும் வங்கி விவரமும் சரியாக இருக்க வேண்டும். காப்பித் தோட்டக் கூலியை நம்பிய வீட்டில் அது பெரிய தொகை.

இந்த விவரங்களைத் தேடித்தான் திருடர்கள் வருகிறார்கள். "உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது" என்று பெற்றோரை அழைத்து, வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறை எச்சரித்திருக்கிறது. அழைப்பவன் பிள்ளையின் பெயரையும் படிப்பையும் சரியாகச் சொன்னால் எந்தத் தகப்பன் சந்தேகப்படுவார்?

அந்த விவரங்களை நாம் எப்படிக் காக்கிறோம் என்று நம் அலுவலகங்களைப் பார்ப்போம். மாணவர் விவரங்களைப் பதியும் யுமிஸ் தளத்துக்கு நோடல் அலுவலர் ஒருவர் உண்டு. பெரும்பாலும் பாடம் நடத்திக்கொண்டே இதையும் சுமக்கும் உதவிப் பேராசிரியர். கடைசித் தேதி நெருங்கும்போது கடவுச்சொல் இரண்டு கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஒரு கணினி இயக்குநருக்கும் போகிறது. பிறகு அதை யாரும் மாற்றுவதில்லை. நோடல் அலுவலர் மாறுதலாகி வேறு மாவட்டம் போன பிறகும் ஓடிபி அவருடைய சொந்த எண்ணுக்கே போகிறது. இங்கிருப்பவர் போன் போட்டுக் கேட்டு வாங்குகிறார். இதை அந்தப் பேராசிரியரின் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்கென ஒரு அலுவலக எண்கூடத் தராத நிர்வாகத்தின் குறை இது.

பெரிய நிறுவனங்களும் அடிப்படையில்தான் சறுக்கின. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டபோது ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் தரவு திரும்பக் கிடைத்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் திறக்கப்பட்ட போலி மின்னஞ்சல்கள் வழியே நுழைந்தவர்கள், டிசம்பர் 23 வரை உள்ளேயே உலவி 267 சர்வர்களைப் பூட்டினார்கள். பேக்கப்பின் ஒரு பகுதியும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் போயிற்று. பல்கலைக்கழகம் மீட்புத் தொகையாக 30 பிட்காயின் கொடுத்து மீண்டது. ஆனால் நடந்ததை அறிக்கையாக வெளியிட்டது. அந்தத் துணிவு இங்கேயும் வர வேண்டும்.

சட்டம் காத்திருக்காது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட ஆணைப்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பதிவேடுகளை, அதாவது லாக்குகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை சர்வர் முடங்கினால் அந்த 6 மணி நேரத்தில் யார் எழுதுவது, யார் கையெழுத்திடுவது? கல்லூரி முதல்வரின் ஒப்புதலுக்குத் திங்கள்வரை காத்திருக்கும் இடத்தில் பாதுகாப்புக் கொள்கை ஆவணம் பீரோவில்தான் இருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. கொட்டச்சேட்டுத் தகப்பனுக்கு ஆங்கிலக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கடமை தீருமா? வகுப்பு ஆசிரியர் தமிழில் போன் செய்து சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

ஃபயர்வால் வாங்க ஒருமுறை நிதி வந்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி நிபுணரைக் கேட்பது நடக்காத காரியம். மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு நிரந்தர நிபுணர் பணியிடம், அதன் பொறுப்பில் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் என்றால் நடக்கும். அதை அரசிடம் கேட்போம். அதற்கு முன், வரும் சேர்க்கை தொடங்குவதற்குள் நாமே செய்யக்கூடியவை உண்டு: ஓடிபிக்குக் கல்லூரி பெயரில் ஒரு சிம், பொறுப்பு கைமாறும் அன்றே கடவுச்சொல் மாற்றம், வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்துக் கேபிளைக் கழற்றிவிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க், சேர்க்கை ரசீதின் பின்பக்கத்தில் சைபர் மோசடியைப் புகார் செய்ய 1930 என்ற உதவி எண்.