அரிட்டாபட்டிக்கு வரலாம், ஊர் சொல்லும் வழியில்

டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்பு அரிட்டாபட்டியின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. அதன்பின், ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையில் வண்டியை விடும் மதுரைக்காரர்களுக்கு அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடமாகவும் ஆகிவருகிறது. இதை வரவேற்பதா, தடுப்பதா? ஒத்தக்கடை வட்டார இயற்கை ஆர்வலர்களின் அமைப்பு தன் நிலைப்பாட்டை இப்படி முன்வைக்கிறது: மக்கள் தாராளமாக வரட்டும், எந்தப் பாதையில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்பதை ஊர் தீர்மானிக்கட்டும்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், சுமார் 250 பறவையினங்கள் என்று அரசுக் குறிப்பு கணக்குச் சொல்கிறது. குடைவரைச் சிவன் கோயிலும், சமணர் படுகைகளும், தமிழி எழுத்துக் கல்வெட்டும் அதே பாறைகளில்தான் இருக்கின்றன.

ஆனால் இது சரணாலயம் அல்ல. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 37-ஆவது பிரிவின்படி வந்த அறிவிப்பு இது. ஊர் மக்களின் அன்றாடப் புழக்கத்தை முடக்குவது அதன் நோக்கமல்ல. ஆடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும் சாமி கும்பிட வருகிறவரும் நடக்கிற நிலத்தில் வேலி போடச் சொல்லி அமைப்பு கேட்கவில்லை.

கவலை பாறை விளிம்புகளைப் பற்றியது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் இங்கே வாழ்கின்றன. ஷாஹீன் வல்லூறு குச்சி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் இடுக்கில், வெறும் மண்ணைக் கிளறி முட்டையிடுகிறது. ரீல்ஸ் எடுக்க ஒருவர் மேலே ஏறினாலோ, ட்ரோன் ஒன்று பக்கத்தில் ரீங்கரித்தாலோ தாய்ப்பறவை எழுந்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் சுடும் பாறைமேல் முட்டை காப்பாரின்றிக் கிடக்கும்.

ஆகவே அமைப்பு கோருவது:

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, கூடுள்ள பாறை முகப்புகளில் ஏறவும் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. ஒத்தக்கடையை ஒட்டிய யானைமலைக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

கண்மாய்க்கரையில் நடந்து பறவை பார்க்கலாம். வண்டி ஓட்டக் கூடாது. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதும், இரவில் டார்ச் அடித்துத் தேவாங்கு தேடுவதும் கூடாது.

வழிகாட்டிகள் உள்ளூர் இளைஞர்களாக இருக்க வேண்டும். கட்டணம் வைத்தால், அது ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கே சேர வேண்டும்.

ரிசார்ட், ரோப்கார், பாறையில் வண்ண விளக்கு எதுவும் வேண்டாம்.

கட்டுப்பாடு போட்டால் யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பதில் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு ஊர் தானாகப் போட்டுக்கொண்டது.

அரிட்டாபட்டி வட்டாரக் கிராம சபைகள் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது நாடே கவனித்தது. வருகைக்கான விதிகளையும் அதே சபைகளில் வைத்து முடிவெடுக்க வேண்டும். அதுவரை வனத்துறையும் சுற்றுலாத் துறையும் அங்கே எந்தக் கட்டுமானத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது என்று அமைப்பு கேட்டுக்கொள்கிறது.