ஆறும் மலையும் அழைக்கும் கலசப்பாக்கம்

நார்வேயில் கெய்ராங்கர் என்று ஒரு குட்டி கிராமம். மலைகளுக்கு நடுவே கடல்நீர் புகுந்து நிற்கும் அழகைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கடல் இல்லாவிட்டாலும், நீரும் மலையும் சேர்ந்த ஊர் நம் பக்கத்திலும் உண்டு. திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையில், செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கம்தான் அது.

ஊரின் பெருநாள் தை மாத ரதசப்தமி. அன்று அண்ணாமலையாரே திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு செய்யாற்றுக்கு வருகிறார். உள்ளூர் திருமாமுடீஸ்வரர் அவரை எதிர்கொள்ள, ஆற்றில் தீர்த்தவாரி நடக்கும்.

அருகிலேயே சுமார் 4,500 அடி உயரப் பர்வதமலை. மலைபடுகடாம் பாடும் நன்னனின் நவிரமலை இதுதான் என்பார்கள். அந்தப் பாட்டில் செய்யாறும் 'சேயாறு' என்ற பெயரில் வருகிறது. தென்மாதிமங்கலம், கடலாடி என இரண்டு பக்கமிருந்தும் ஏறலாம். படிகள் முடிந்ததும் கரடுமுரடான பாறைப் பாதை. கடைசியில் செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனருக்கும் பிரமராம்பிகைக்கும் பக்தர்களே தங்கள் கையால் அபிஷேகம் செய்யலாம்.

ஆனால், இது விளையாட்டு மலையல்ல. மழைக்காலத்தில் பாறை வழுக்கும்; ஓடைகளில் திடீரென வெள்ளம் வரும். வானம் இருண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வனத்துறையின் அனுமதி நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இதயநோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிடலாம். தண்ணீர் தாராளமாக எடுத்துப் போங்கள். காலி பாட்டிலைக் கீழே கொண்டுவர மறக்காதீர்கள்.