சோப்புக் கம்பெனி தந்த வேலை

புராடக்ட் மேனேஜ்மென்ட் என்றதும் கண்ணாடிக் கட்டடமும் லேப்டாப்பும்தான் நம் பிள்ளைகளின் கண்முன் வருகின்றன. அதன் பூர்வீகமோ சோப்புக் கம்பெனி. 1931-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய், கூடுதல் ஆள் கேட்டு மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு அனுப்பினார். பிராண்டுக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குக் கீழே உதவியாளர்கள் என்ற ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் வேறு: வியாபாரம் மந்தமான வட்டாரத்துக்கு நேரில் போய், கடைக்காரரையும் வாங்குபவரையும் விசாரிப்பதை அவர் பொறுப்பாளரின் கடமையாகவே எழுதிவைத்தார், உதவியாளர் தலையில் கட்டவில்லை. கூகுள் 2002-இல் இளம் பட்டதாரிகளை அசோசியேட் புராடக்ட் மேனேஜர்களாக எடுக்கத் தொடங்கிய பிறகு இந்தப் பதவிக்கு ஏக மவுசு. ஆனால் பல அலுவலகங்களில் அந்த அசோசியேட் மீட்டிங்கில் குறிப்பெடுக்கிறார், எக்செல் நிரப்புகிறார், யார் சொன்னதையோ இன்னொருவரிடம் சேர்க்கிறார். பொருளை வாங்கியவரை மேலே இருப்பவரும் பார்ப்பதில்லை, இவரும் பார்ப்பதில்லை. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளே, வாரத்தில் ஒரு வாடிக்கையாளரையாவது நேரில் பாருங்கள். முடிந்தால் உங்கள் மேலாளரையும் கூடவே இழுத்துப் போங்கள்.