கிட்டார் பிடித்தால் நம்முடையது அழிந்து விடுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

துருக்கி என்றதும் நம்மில் பலருக்கு இப்போது ஞாபகம் வருவது எர்துருல் தொடர்தான். குதிரை, வாள், கூடாரம். அதே நாட்டின் இன்னொரு கதையை இன்று எழுதலாம் என்று நினைத்தேன். இந்தக் கதையில் வாளுக்குப் பதிலாகக் கிட்டார் இருக்கிறது. உலகம் 'சைக்கடெலிக் ரொக்' என்று சொல்லும் இசையின் துருக்கிக் கிளை அது. அங்கே அதற்கு அனத்தோலியன் ரொக் என்று பெயர்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்குரியவர்கள் அதைப் பேசட்டும். என் கேள்வி வேறு. "பிள்ளைகள் கொரியப் பாட்டுக் கேட்டுக் கெட்டுப் போகிறார்கள், நம்முடைய எல்லாம் அழியப் போகிறது" என்று அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். வெளியில் இருந்து ஒன்று வந்தால் உள்ளே இருப்பது அழிந்துதான் போகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த இசை என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும் இங்கிலாந்தின் லண்டனிலும் இளைஞர்கள் மின் கிட்டாரின் ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்கினார்கள். எதிரொலி சேர்த்தார்கள். மூன்று நிமிடப் பாட்டைப் பத்து நிமிடத்துக்கு இழுத்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1965இல் ஒரு பாட்டில் இந்திய சித்தாரை வாசித்தார். 1967இல் பிங்க் ஃபுளொய்ட் குழுவின் முதலாவது இசைத்தட்டும் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதலாவது இசைத்தட்டும் வெளிவந்தன.

இந்தப் பெயரே போதைப்பொருளோடு ஒட்டி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மனதைக் குழப்பும் ஒரு வகை மருந்துகளுக்காக 1950களில் ஒரு மனநல வைத்தியர் உருவாக்கிய சொல் அது. விலையும் பெரியது. பிங்க் ஃபுளொய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை குலைந்து 1968இல் குழுவை விட்டு விலகினார். ஹென்ட்ரிக்ஸ் 1970இல் தூக்க மாத்திரைகளால் இறந்தபோது வயது 27. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த ஓசை மட்டும் தனியாகக் கிளம்பி உலகம் சுற்றியது. பிரேசிலில் ஓஸ் முதாந்தெஸ், சாம்பியாவில் விட்ச் என்ற குழு, கம்போடியாவில் சின் சிசாமுத் என்று போன இடமெல்லாம் அந்தந்த ஊர் மொழியும் மெட்டும் அதில் ஏறிக்கொண்டன. துருக்கியில் நடந்தது இவற்றிலும் சுவாரசியமானது. ஏனென்றால் அந்த நாடு அதற்கு முன்பே மேற்கத்தேயத்தைத் திணித்துப் பார்த்துத் தோற்றிருந்தது.

1934இல் துருக்கி அரசாங்கம் பழைய பாரம்பரிய இசையை வானொலியில் தடை செய்தது. நாடு நவீனமாக வேண்டும், மக்கள் ஐரோப்பிய இசையைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது நோக்கம். ஏறக்குறைய இரண்டு வருடம் அந்தத் தடை இருந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலியைத் திருகி எகிப்து நிலையத்தைப் பிடித்துக் கேட்டார்கள்! மேலே இருந்து உத்தரவு போட்டு ஒரு சமூகத்தின் காதை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

1961க்குப் பிறகு இன்னொரு வழக்கம் பரவியது. பிரெஞ்சு, இத்தாலிய மெட்டுகளை அப்படியே எடுத்துத் துருக்கிச் சொற்களைப் பொருத்திப் பாடுவது. நன்றாக விற்பனையானது. ஆனால் அது வெறும் பிரதி. வாடகை உடுப்பில் கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

மாற்றம் 1965இல் வந்தது. ஹுர்ரியத் என்ற பத்திரிகை 'தங்க மைக்ரோபோன்' என்று ஒரு போட்டி வைத்தது. நிபந்தனை எளிமையானது. பாட்டு துருக்கி மொழியில் இருக்க வேண்டும். கருவிகளும் இசைக்கும் முறையும் மேற்கத்தேயமாக இருக்கலாம். அதுவரை ஆங்கிலப் பாட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த நகரத்துப் பையன்கள் தேடத் தொடங்கினார்கள். எங்கே போவது? கிராமத்துக்குத்தான். இடையர்களின் பாட்டு, ஒப்பாரி, ஊர் ஊராகப் போய்ப் பாடிய 'ஆஷிக்' என்ற நாடோடிக் கவிஞர்களின் பாட்டு. 1967இல் ஜெம் கராஜா என்ற இளைஞர் அதே போட்டியில் எர்சுரூம் பகுதியின் பழைய நாட்டுக் கவிஞர் ஒருவரின் கவிதையை மின் கிட்டாரோடு பாடி இரண்டாம் இடம் பெற்றார்.

இங்கே ஒரு நுட்பமான பிரச்சினை இருந்தது. துருக்கிக் கிராமங்களின் கருவி பாக்லமா. நீண்ட கழுத்துள்ள நரம்புக் கருவி. அதில் சுர இடங்களை நூலால் கட்டியிருப்பார்கள், நகர்த்தலாம். அதனால் இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள சுரங்களும் அதில் ஒலிக்கும். கிட்டாரில் அந்த இடங்கள் உலோகத் தகட்டால் நிலையாக அடிக்கப்பட்டவை. கிராமத்து மெட்டைக் கிட்டாரில் வாசித்தால் நடுச் சுரங்கள் காணாமல் போகும். எர்கின் கொராய் என்பவர் மெட்டை வெட்டிக் குறைக்கவில்லை. பாக்லமாவுக்கே மின்சாரம் கொடுத்தார். கரகரப்பும் எதிரொலியுமாக அது முழங்கியது. 1974இல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயரே 'மின் நாட்டுப் பாடல்கள்' என்று பொருள்படும். இதே மனிதர்தான் 1957இல், பாடசாலை வயதில், இஸ்தான்பூலில் ரொக் அண்ட் ரோல் வாசித்த முதல் ஆட்களில் ஒருவர். பாட்டுக்காகக் கருவியை மாற்றினாரே தவிர, கருவிக்காகப் பாட்டை மாற்றவில்லை.

1967இல் தொடங்கிய மொகொல்லர் குழுவும் இதையே செய்தது. அனத்தோலியாவின் ஊர்களில் சுற்றி மெட்டுக்களையும் தாளங்களையும் பழகினார்கள். ரொக் இசை பெரும்பாலும் நாலு தட்டுத் தாளம். அவர்கள் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று ஒன்பது தட்டுப் போகும் கிராமத்துத் தாளத்தை டிரம்ஸில் வாசித்தார்கள். 1971இல் பிரான்சில் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அந்த நாட்டின் பெரிய இசை விருதொன்று கிடைத்தது. ஐரோப்பாவைப் பிரதி பண்ணியதற்கு ஐரோப்பாக்காரன் விருது கொடுப்பானா? தன்னிடம் இல்லாததைக் கேட்டதால் கொடுத்தான்.

டிரம்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் தொங்கும் பித்தளை நிறத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் செய்வதில் உலகப் புகழ் பெற்ற ஸில்ஜியன் நிறுவனம் 1623இல் உஸ்மானியத் தலைநகரான இஸ்தான்பூலில் ஓர் ஆர்மேனியக் குடும்பம் தொடங்கியது. பிறகுதான் அமெரிக்கா போனது. பீட்டில்ஸின் டிரம்ஸ்காரர் அடித்ததும் அந்தத் தட்டுகளைத்தான். 'மேற்கத்தேயக் கருவி' என்று நாம் ஒதுக்குவது எங்கிருந்து போனது பாருங்கள்.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பாரிஷ் மான்சோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தவர். அண்ணனின் பெயர் சவாஷ், போர் என்று பொருள். இவர் பெயர் பாரிஷ், சமாதானம். பெல்ஜியத்தில் ஓவியம், வடிவமைப்புப் படித்தவர். நீண்ட முடி, பெரிய மீசை, விரல் நிறைய மோதிரம். நம்மூர்ப் பாடசாலை வாசலில் வந்து நின்றால் காவலாளி உள்ளே விட மாட்டார். ஆனால் அவருடைய பாட்டுக்களில் கிராமத்தில் விட்டு வந்த கழுதையின் நினைவு வருகிறது, மரக்கறி வியாபாரியின் கூவல் வருகிறது, தடிமனுக்கான வீட்டு வைத்தியம் வருகிறது. குழுவின் பெயர் குர்தலான் எக்ஸ்பிரஸ், நாட்டின் தென்கிழக்கு மூலைக்குப் போகும் புகையிரதத்தின் பெயர். 1988 முதல் தொலைக்காட்சியில் ஏழு வயதில் இருந்து எழுபத்தேழு வயது வரை எல்லாரும் பார்க்க நிகழ்ச்சி நடத்தினார். அதில் சின்னப் பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பெரியவர்களிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுவார். ஓர் ஆசிரியராக நான் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1999இல் அவர் இறந்தபோது நாடே அழுதது.

சரி, இந்த இசையை நசுக்கியது யார்? கிட்டாரா? இல்லை, துப்பாக்கி.

1980 செப்டெம்பர் 12இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிலாளர் பக்கம் நின்று பாடிய ஜெம் கராஜா அதற்கு முன்பே ஜேர்மனி போயிருந்தார். திரும்பி வா என்று இராணுவ அரசு அழைத்தது. போனால் சிறை என்று அவருக்குத் தெரியும். அதே வருடம் அவருடைய வாப்பா மரணித்தார். ஜனாஸாவுக்குக்கூட வர முடியவில்லை. 1983இல் அவருடைய பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1987இல்தான் ஊர் திரும்பினார். ஜேர்மனியில் இருந்த காலத்தில், வேலை தேடிப் போன துருக்கித் தொழிலாளர் படும் அவமானத்தை ஜேர்மன் மொழியிலேயே பாடினார். வெளிநாட்டில் உழைக்கும் ஆட்கள் உள்ள வீடுகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

செல்தா பாஜான் என்ற பாடகியின் கதையும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பொறியியல் படித்தவர். ஏழைகளைப் பற்றிய கிராமத்துக் கவிஞர்களின் பாட்டுக்களை மின் இசையோடு பாடினார். 1981க்கும் 1984க்கும் இடையில் மூன்று தடவை சிறை. 1987 வரை கடவுச்சீட்டு கையில் இல்லை. ஆனால் பாட்டு கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. அவர் 1970களில் பாடிய ஒரு பாட்டின் இசையை 2009இல் அமெரிக்க ரப் பாடகர் மோஸ் டெஃப் தன் பாட்டில் எடுத்துப் பயன்படுத்தினார். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் அல்தின் குன் என்ற குழு இன்று இதே துருக்கி நாட்டுப் பாடல்களை வாசிக்கிறது. அதைத் தொடங்கியவர் ஒரு டச்சுக்காரர். கடன் வாங்கியவர்களிடம் இப்போது கடன் கேட்டு வருகிறார்கள்.

என் கருத்து இதுதான். வெளியில் இருந்து வரும் கருவி ஒரு சமூகத்தைக் கெடுப்பதில்லை. அதைக் கையில் எடுப்பவனிடம் வாசிக்கச் சொந்தமாக ஒன்றும் இல்லாவிட்டால்தான் கெடுக்கிறது. எர்கின் கொராய்க்கும் மான்சோவுக்கும் எடுத்து வாசிக்கக் கிராமத்துப் பாட்டு இருந்தது. அது எப்படி மிஞ்சியது? குருடான ஆஷிக் வேய்செல் போன்ற முதியவர்கள் பாடிக்கொண்டே இருந்ததால். 1940இல் துருக்கி தொடங்கிய கிராமிய ஆசிரியர் பயிற்சி நிலையங்களில் அந்த வேய்செலையே அழைத்துப் பாக்லமா கற்பிக்க வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கவிஞர், வருங்கால ஆசிரியர்களுக்கு ஆசிரியர்! நானும் ஆசிரியர் கலாசாலையில் படித்தவன். அங்கே எனக்குக் கற்பிக்க அப்படி ஒருவரை யாரும் அழைத்து வரவில்லை.

போன் பிள்ளையின் கைக்கு வந்து விட்டது. அதை இனிப் பிடுங்க முடியாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் போனுக்குள் போட நம்மிடம் என்ன இருக்கிறது என்பது. வயல் வேலையில் பாடிய கவி, உம்மும்மா பாடிய தாலாட்டு, இவற்றில் எத்தனை நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? கொரியப் பாட்டைத் திட்டும் நமக்கே எத்தனை தெரியும்?

இந்த வாரம் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் ஒரு பாட்டைக் கேட்டு, பிள்ளையின் போனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அதை வைத்து நாளைக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பாக்லமாவுக்கு ஒருவன் மின்சாரம் கொடுப்பான் என்று வேய்செலுக்கும் தெரிந்திருக்காது.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.