ஏமாந்த ஓட்டா, எண்ணிப் பார்த்த ஓட்டா?

கேள்வி: ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறான். தேர்தல் வந்தால், யார் அதிகம் தருவதாகச் சொல்கிறாரோ, யார் மேடையில் உரக்கப் பேசுகிறாரோ, அவருக்கே எங்கள் பக்கம் ஓட்டு விழுகிறது. போன மாதம் வேலூர் லாங் பஜாரில் கத்தரிக்காய் மூட்டை இறக்கும்போது ஒரு பெரியவர், "உங்களைப் போன்றவர்களால்தான் நாடு கெட்டுப் போகிறது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். உழைக்கிற ஜனங்கள் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறோம்? இது தவறா?
— மாதனூர் பகுதி வாசகர்

பதில்: தவறா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஏன் என்பதை முதலில் பார்ப்போம்.

லாங் பஜாருக்கும் மண்டித் தெருவுக்கும் காய் கொண்டுவரும் விவசாயி பலர், விதைக்கும்போதே மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். முன்பணம் வாங்கினால் காயை அந்த மண்டிக்கே போட வேண்டும், கமிஷன் போகும், விலையிலும் பிடித்தம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்குகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி குறைவு. ஆனால் சிட்டா, அடங்கல், பழைய பாக்கி என்று நாலு நடை நடக்க வேண்டும். நாற்று வாடும் நேரத்தில் நாலு நடை நடக்க முடியாது. மண்டிக்காரர் இராத்திரி எட்டு மணிக்கும் பணம் தருவார். இது அறியாமை இல்லை. அவசரத்தில் போடும் கணக்கு.

ஓட்டும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கேதான் ஆள் போவான்.

அரிசி ஜெயித்த கதை

1954-ல் முதலமைச்சரான காமராஜர், குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான் சட்டமன்றத்துக்குப் போனார். அவர் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகின. அணைகள் எழுந்தன. பழைய வடஆற்காடு மாவட்டத்துக்குச் சாத்தனூர் அணை கிடைத்தது. அப்படிப்பட்டவரே 1967-ல் விருதுநகரில் தோற்றார். 1965, 66-ல் நாடு முழுக்க வறட்சி, அரிசிக்குத் தட்டுப்பாடு. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது தி.மு.க. இந்தி எதிர்ப்புப் போராட்டமும் சேர்ந்துகொள்ள, அந்தக் கட்சி 137 இடங்களில் வென்றது. அணை நாளைக்குச் சோறு போடும். ஆனால் அன்று இராத்திரி உலை வைக்க அரிசி இல்லை. அதைத்தான் ஜனங்கள் சொன்னார்கள்.

ஜெயித்த பிறகு ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. பணம் போதாமல் நீடிக்கவில்லை. வாக்குறுதி பாதியில் நின்றது. ஆனாலும் அரிசி என்பது எந்த அரசும் கைகழுவ முடியாத கடமை என்ற நிலை அன்றிலிருந்து வந்தது. இன்றைய ரேஷன் கடை அந்த வழியில் வந்ததுதான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கியபோதும், ஓட்டுக்காகக் காசைக் கரைக்கிறார் என்று படித்தவர்கள் பலர் ஏசினார்கள். இன்று அதைக் குறை சொல்ல ஆளில்லை.

ஆகவே, கொடுப்பதெல்லாம் ஏமாற்று என்பதும் சரியில்லை, வாங்குபவரெல்லாம் ஏமாளி என்பதும் சரியில்லை.

பெயரே விவசாயிகளுடையது

இப்படி ஜனங்களைத் திரட்டும் அரசியலுக்கு இங்கிலீஷில் "பாப்புலிசம்" என்று பெயர். அந்தச் சொல் பரவியது அமெரிக்க விவசாயிகளால். 1890-களில் அங்கே பருத்தி, கோதுமை விலை விழுந்தது. கடன் ஏறியது. விளைச்சலை ஏற்றிப்போகும் ரயில் கம்பெனிகள் கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் காது கொடுக்கவில்லை. விவசாயிகள் 1892-ல் "மக்கள் கட்சி" தொடங்கினார்கள். அதன் ஆட்களைத்தான் "பாப்புலிஸ்ட்" என்றார்கள். விளைச்சலை அரசு கிடங்கில் வைத்து அதன் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இன்று நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தரும் பொருளீட்டுக் கடன் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கட்சிக்குப் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல் விழுந்தது. 1896-ல் இன்னொரு கட்சியின் வேட்பாளர் பின்னால் போய், தோற்று, கரைந்தது. ஆனால் வருமானத்துக்கு ஏற்ற வரி போன்ற அவர்களுடைய கோரிக்கை சில பின்னாளில் சட்டமாயின. அதே நாட்டில் 2016-ல், ஆலைகள் மூடிக்கிடந்த மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. பழைய கட்சிகள் கேட்கவில்லை என்ற மனக்குறை அங்கேயும் பெரிய காரணம். உழைப்பவர் கோபம் நல்ல வழியிலும் போகும், வேறு வழியிலும் போகும்.

பாலாற்றில் மூடிய கதவு

இனி வாசகரின் கிணற்றுக்கு வருவோம். தோல் பதனிடும் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெடுவதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருப்பதை அந்தத் தீர்ப்பே குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில், 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் கூட இல்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: இன்னும் கொடுக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூல் செய்ய வேண்டும் என்று.

வழக்குப் போட்டு 34 வருஷம். முதல் தீர்ப்புக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் ஐந்து சட்டமன்றத் தேர்தல். அந்த ஐந்திலும் ஜெயித்தவர்கள் சொன்னதில் பல வீடு வந்து சேர்ந்தன. 2006-ல் கலர் டிவி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், 2023-ல் மாதம் ஆயிரம் ரூபாய். நீதிமன்றம் சொன்னதற்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும், மேடையில் சொன்னது இரண்டு வருஷத்தில் வருகிறது என்றால், விவசாயி எதை நம்புவார்?

இன்னொரு காரணமும் உண்டு. அது இந்தத் தோல் வட்டாரத்துக்கே உரியது. அப்பாவின் கிணறு தோல் தொழிலால் கெட்டது. மகனின் சம்பளம் தோல் தொழிலால் வருகிறது. "தொழிற்சாலையை மூடு" என்றால் மகன் வேலை போகும். "தொழிலை வளர்" என்றால் அப்பா நிலம் போகும். பாலாறு என்று பேச்செடுத்தாலே வீடு இரண்டாகும். மிக்ஸிக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் அந்தச் சிக்கல் இல்லை. அப்பா, அம்மா, மகன், மருமகள் எல்லோருக்கும் சம்மதம். அதனால்தான் மேடையில் ஏறுகிறவர் வீட்டைப் பிரிக்கும் கேள்வியை விட்டுவிட்டு, எல்லோரும் கை தட்டும் பொருளைச் சொல்கிறார். கேட்பவரும் அதையே கேட்டுப் பழகிவிட்டார்.

எங்கே கணக்கு தப்புகிறது

உவர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஜிப்சம் நல்ல பொருள்தான். களர் நிலத்தைத் திருத்தும். உவர் நிலத்தில் நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வடித்தால்தான் மண் மாறும். நோய் ஒன்று, மருந்து வேறு என்றால் மருந்தின் மேல் குற்றமில்லை.

கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளலாம். 2006-ல் வந்தது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி ரூபாய். 2021-ல் 12,110 கோடி, 16.43 லட்சம் பேருக்கு. வாங்கியவருக்கு மூச்சு வந்தது உண்மை. ஆனால் பட்டா இல்லாத குத்தகைதாரருக்கும், அடகுக் கடையிலும் கைமாற்றிலும் கடன் பட்டவருக்கும் ஒன்றுமில்லை. மூன்று முறை தள்ளுபடி செய்தும் நான்காவது முறை கேட்க வேண்டியிருக்கிறது என்றால், கடனை உண்டாக்கும் காரணம் அப்படியே இருக்கிறது என்று பொருள். விலையும் தண்ணீரும் சரியானால் தள்ளுபடிக்குத் தேவை குறையும்.

இரண்டாவது, தருகிற கையும் எடுக்கிற கையும் ஒன்றுதான். டாஸ்மாக் கடையில் தினமும் விடுகிற காசும், சோப்பிலும் டீசலிலும் கட்டுகிற வரியும் சேர்ந்ததுதான் அந்த ஆயிரம் ரூபாய். அதை ஒருவர் தன் சொந்தப் பையிலிருந்து தருவதுபோல் பேசினால், கும்பிடத் தேவையில்லை.

மூன்றாவது, பொருளுக்குப் பதிலாகப் பகையைத் தருகிறவர்கள். "உன் கஷ்டத்துக்கு அந்த ஜாதிதான் காரணம், அந்த மதம்தான் காரணம், நான் ஒருவன்தான் உனக்கு ஆள்" என்பார்கள். பொருள் தருபவரிடம் கணக்குக் கேட்கலாம். பகை தருபவரிடம் கேட்க ஒன்றுமில்லை. தோல் தொழிலில் முதலாளியும் தொழிலாளியும் விவசாயியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்கிற இந்த வட்டாரத்தில் அது மிக ஆபத்து.

நான்காவது, ஓட்டுக்குப் பணம். பெரும் தொகை பிடிபட்டதால் 2019 ஏப்ரல் 16-ல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது. வாக்குறுதி வேறு, கவர் வேறு. வாக்குறுதியை நிறைவேற்றினாயா என்று பிறகு கேட்கலாம். கவர் வாங்கியவரிடம் "அன்றைக்கே கொடுத்தாயிற்று" என்று சொல்லிவிடுவார்கள். கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.

ஓட்டுக்கு உள்ள பலம்

இலவச மின்சாரத்தை யாரும் தானாகக் கொடுக்கவில்லை. 1970-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் கோவையை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்கள். நாராயணசாமி நாயுடு பின்னால் ஜாதி பார்க்காமல் திரண்டார்கள். அதன் பிறகுதான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், சில ஆண்டு கழித்து எல்லா விவசாயிகளுக்கும் அது கிடைத்தது. 2003-ல் அதை நிறுத்தி வேறு ஏற்பாடு செய்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி அணி தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் தோற்றது. அதே மே மாதம் இலவச மின்சாரம் திரும்பி வந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஒரே கோரிக்கையை ஊர் கூடிக் கேட்டால் எந்தக் கட்சியும் கேட்கும் என்பதற்கு இது சாட்சி.

பாலாற்றுக்கு அப்படி ஒரு கோரிக்கை இன்னும் உருவாகவில்லை. வீட்டைப் பிரிக்காத கோரிக்கையாக அது இருக்க வேண்டும். மூடு என்பதல்ல. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் முழுநேரம் ஒழுங்காக ஓட வேண்டும், வடித்த உப்பு மண்ணில் சேரக் கூடாது, பாக்கி இழப்பீடு கைக்கு வர வேண்டும் என்பது. இதில் மகனின் வேலையும் நிற்கும், அப்பாவின் கிணறும் தேறும்.

செய்யக்கூடியவை

கிணற்றுத் தண்ணீரை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்க்கவும். தேதியிட்ட அறிக்கையைப் பத்திரமாக வைக்கவும். ஒரே ஊரில் இருபது பேர் அறிக்கை வைத்திருந்தால் அது புகார் அல்ல, ஆதாரம்.

மார்ச் 22 உலக நீர் நாளில் கிராம சபை கூடும். அறிக்கைகளை வைத்துத் தீர்மானம் போடச் சொல்லவும். ஷூ கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்துச் செல்லவும். அவர்கள் இல்லாமல் போடும் தீர்மானம் பாதித் தீர்மானம்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இரண்டே கேள்வி போதும். "தருவதாகச் சொல்வதற்குப் பணம் எங்கிருந்து?" இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, வாக்குறுதிக்குப் பணம் வரும் வழியையும் தேர்தல் அறிக்கையில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையமே விதி வைத்திருக்கிறது. அடுத்த கேள்வி: "எங்கள் கிணற்றுக்கு என்ன செய்வீர்கள், எத்தனை மாதத்தில்?"

ஆயிரம் ரூபாயை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது வரிப்பணம். அதோடு கேள்வியையும் நிறுத்திவிட்டால்தான் தவறு. லாங் பஜாரில் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், வாசகர் அவரிடமும் ஒன்று கேட்கலாம்: 34 வருஷம் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்கள் ஓட்டை எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று.