பூச்சு வேலைக்கு முன் ஒரு பைப்!

அடையாறிலோ மயிலாப்பூரிலோ புது வீடு கட்டுபவர்களிடம் கேபிள் பற்றிப் பேசினால், "அதுதான் வைஃபை இருக்கிறதே!" என்கிறார்கள். 2020 ஊரடங்கில் மாடி அறையில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு விட்டுவிட்டு வந்ததை மறந்துவிட்டோமா?

கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் வைஃபை அலைகளை வலுவிழக்கச் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான். ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸே மேல். கேட் 6 கேபிளோ 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகம் தரும்.

எனவே, இன்டர்நெட் இணைப்பு நுழையும் இடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனி பிவிசி பைப் பதிக்கச் சொல்லுங்கள். மின்சார ஒயருடன் சேர்க்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் கேபிள், மொபைலுக்கு வைஃபை. மாடிக்குப் போகும் கேபிளின் முனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டினால் அங்கும் சிக்னல் கிடைக்கும்.

பைப் இருந்தால் பின்னாளில் புதுக் கேபிள் இழுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பெயின்ட் அடித்த சுவரை உடைக்க வேண்டியதுதான்!